பாரக்கோலும் பதினெட்டு வயதும்

1

கொழும்பிலிருந்து தவராசா கடிதம் போட்டிருக்கிறான். யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரில் ஆறு வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவன். இப்போது ஏதோ கம்பனியில் பெரிய ஆளாம். அவனுடைய மேலதிகாரி கோல்ஃப் விளையாடுகிறாராம், ஆகவே இவனும் விளையாட வேண்டுமாம். ஐம்பதைத் தொடும் வயதில் பழகத் தொடங்கியிருக்கிறான்.

"மச்சான், நீ வேலை செய்யிற வீட்டு ஐயாவும் கோல்ஃப் பழகுறார் எண்டு முந்தி எழுதியிருந்தாய். கோல் வீசிப் பழகுறதுக்கு விதவிதமான சாமான்கள் வெளிநாட்டிலை விக்கிறாங்களாம். கையிலை கட்டுற பட்டி, பாரக்கோல், வளையம் எண்டு படம் பார்த்தன். என்னை மாதிரிப் புதுசாத் தொடங்கினவனுக்கு அதுகளாலை பிரியோசனம் இருக்கோ? இருந்தால் ஒண்டு வாங்கி அனுப்பிவிடு."

கடிதத்தை என் மனைவி பிலோமினாவுக்கு வாசித்துக் காட்டினேன். உள்ளி உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வேண்டாம் எண்டு ஒரு வரி எழுதிப்போடுங்கோ. அந்தச் சாமானாலை நாங்கள் பட்டது போதும்."

ஒரு வரி போதாது என்றுதான் எனக்குப் பட்டது. கேள்வி தவராசாவினுடையது என்றாலும், பதிலில் என் மூத்த மகள் நிர்மலாவின் கதை கலந்திருக்கிறது. அதனால் ஊரில் இருக்கிற மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

2

எங்கள் இருப்பு இத்தாலியில், பலெர்மோ நகரின் ஓரத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீன்பிடிக் கிராமத்தில். கடற்கரையில் மீன் சாப்பாட்டுக் கடைகள், அவற்றுக்கு மேலே ஏறும் தெருவில் எங்கள் எஜமான் இஞ்சினியரின் வீடு. தோட்டத்து மூலையில் எங்களுக்கு இரண்டறைச் சிறு வீடு. தோட்டம், கார், கபோ சந்தைக்குப் போய்வருவது என் பொறுப்பு. சமையல், துடைப்பு, உடுப்பு மினுக்குவது பிலோமினாவின் பொறுப்பு. இங்கே பிறந்த மகன் றொபேர்ட்டுக்கு ஏழு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் இத்தாலியனில் பதில் சொல்வான், அதுவும் மீன்கடைக்காரரின் இழுவையோடு. கத்தோலிக்கப் பிள்ளைதான், ஆனால் 'பரலோகத்தில் இருக்கிற' என்பதைத் தாண்டித் தமிழில் செபம் வராது.

நிர்மலா எங்களோடு இல்லை. எட்டு வயதில் அவளை என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தோம். ஒரு வருடத்தில் கூப்பிடுவதாகச் சொன்னோம். முதலில் எங்களுக்கே இருக்க அனுமதிப் பேப்பர் இல்லை. பேப்பர் வந்தபோது அங்கே சண்டையில் பாதை இல்லை. பிறகு இடம்பெயர்வில் அவளுடைய பிறப்புப் பதிவு தொலைந்தது. கடைசியில் அக்காவும் அவளும் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியபோது அவளுக்குப் பதினேழு முடிந்திருந்தது.

இந்த நாட்டுச் சட்டப்படி பதினெட்டு வயதுக்கு முன் விண்ணப்பித்தால்தான் பிள்ளை பிள்ளையாகக் கணக்கெடுக்கப்படும். ஒரு நாள் பிந்தினாலும் அவள் ஒரு வெளிநாட்டுப் பெண், அவ்வளவுதான். விண்ணப்பத்துக்கு இரண்டு பேப்பரில் எஜமானின் கையெழுத்து வேண்டும். நாங்கள் அவரிடம் வேலை செய்கிறோம் என்பது ஒன்று, நாங்கள் இருக்கும் வீடு குடும்பம் வாழத் தகுந்தது என்பது மற்றது. வீடு அவருடையது என்பதால் அதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

பேப்பர்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவளுடைய பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மூன்று மாதம் இருந்தது. "நான் எதையும் வாசிக்காமல் கையெழுத்து வைப்பதில்லை, அந்தோனியோ. ஆறுதலாக வாசிக்கிறேன்" என்றார். அந்தோனிப்பிள்ளை என்ற என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் சுருங்கியது. நானும் இஞ்சினியர் என்ற அவருடைய பட்டத்தை இத்தாலியனில் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை, என் வாயில் அது 'இஞ்ஞெஞ்ஞேரே', ஆகவே கோபமில்லை.

அவர் பேப்பர்களை மேசையில் வைத்தார். அதன்மேல் ஒரு கோல்ஃப் சஞ்சிகையை வைத்தார்.

3

இஞ்சினியருக்கு அறுபத்திரண்டு வயது. பாலங்கள் கட்டியவர், மனைவி இல்லை, ஒரே மகள் மிலானோவில். ஓய்வெடுத்த பிறகு நடக்கச் சொல்லி வைத்தியர் வற்புறுத்த, சும்மா நடக்க வெட்கப்பட்டுக் கோல்ஃப் தொடங்கினார். பயிற்றுநரிடம் மூன்று தரம் போய்விட்டு, "அந்தப் பொடியன் எனக்குக் கோணம் படிப்பிக்கிறான்" என்று நிறுத்திவிட்டார். மனிதர்களை நம்பாதவர், கருவிகளை நம்புவார்.

அமெரிக்காவிலிருந்து தபாலில் சாமான்கள் வரத் தொடங்கின. முழங்கைகள் இரண்டையும் சேர்த்துக் கட்டும் பட்டி. தோட்டத்தில் சரிவாக நிறுத்தும் பெரிய பிளாஸ்டிக் வளையம், கோல் அதன்மேல் வழுக்கிக்கொண்டே சுற்ற வேண்டும். வீச்சுப் பிசகினால் நடுவில் முறிந்ததுபோல மடியும் ஒரு கோல். கடைசியாகப் பாரக்கோல், தலையில் ஈயம் நிரப்பியது, சாதாரணக் கோலைப்போல இரண்டு மடங்கு பாரம்.

எல்லாவற்றுக்கும் விளக்கத்தாள் ஆங்கிலத்தில். அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்குக் கச்சேரி ஆங்கிலம் இருக்கிறது. இப்படித்தான் தோட்டக்காரன் கோல்ஃப் மொழிபெயர்ப்பாளன் ஆனான். பின்னேரங்களில் எலுமிச்சை மரங்களுக்கிடையே வலை கட்டி, அவர் வீச, நான் தாளை வாசித்துச் சொல்லி, விளக்குமாற்றுத் தடியை அவர் தலைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பேன். தலை அசைகிறதா என்று பார்ப்பது என் வேலை.

அசைந்தது. முதல் நாளிலிருந்தே அசைந்தது. நான் கல்லூரியில் இரண்டாம் அணிக்குக் கிரிக்கெட் விளையாடியவன். தலை ஆடினால் பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது என்று எனக்குத் தெரியும். இவர் பின்னுக்குக் கோலை ஓங்கும்போது உடம்பு முழுக்க வலப்பக்கம் போய்விடும், திரும்பி வரும்போது எழும்பிவிடுவார், பந்தின் தலையில் பட்டு அது புல்லில் உருண்டு போகும்.

"தலை அசைந்ததா, அந்தோனியோ?"

"இல்லை, இஞ்ஞெஞ்ஞேரே. நன்றாக இருந்தது."

அப்படிச் சொன்னால் அவர் முகம் மலரும். மலர்ந்த முகத்தோடு உள்ளே போனால் மேசையைப் பார்ப்பார், பேப்பரைக் காண்பார் என்பது என் கணக்கு. அவர் உள்ளே போனதும் சஞ்சிகையைத்தான் எடுத்தார்.

மடியும் கோல் மட்டும்தான் அந்த வீட்டில் உண்மை பேசியது. வீச்சுக்கு வீச்சு மடிந்தது. இரண்டாம் நாள் அவர் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய், பிணைச்சல் தளர்வாக இருப்பதாகச் சொல்லி, திருகாணியை இறுக்கிவிட்டார். அதன்பின் ஒருதரமும் மடியவில்லை. "பார்த்தாயா, முன்னேற்றம்!" என்றார். நான் "பிராவிஸ்ஸிமோ" என்று பாராட்டினேன். பிறந்தநாளுக்கு அப்போது ஏழு கிழமைதான் இருந்தது.

4

பாரக்கோலின் தாளில் முதல் பந்தி தடித்த எழுத்தில் இருந்தது. நன்றாகப் பழகியவர்களுக்கான கருவி இது, புதிதாகத் தொடங்குபவர்கள் பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் தொடக் கூடாது, தொட்டாலும் நாளொன்றுக்குப் பத்து வீச்சுக்கு மேல் கூடாது.

நான் வாசித்தேன். எனக்கு விளங்கியது. ஆனால் பாலம் கட்டிய மனிதரின் முகத்துக்கு நேரே, 'நீங்கள் தொடக்கக்காரர், இது உங்களுக்கானதல்ல' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கச்சேரியில் மேலதிகாரி எழுதிய கடிதத்தில் பிழை இருந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்போம். அவர் கண்டால் கண்டார். அந்தப் பழக்கம் கடல் தாண்டியும் என்னோடு வந்திருக்கிறது.

"மெதுவாக வீசச் சொல்லி எழுதியிருக்கிறது" என்றேன். பெரிய பந்தி ஒன்று அப்படி ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டது.

அவர் அறுபது தரம் வீசினார். அறுபத்தோராவது வீச்சில் 'ஆ' என்றார், கோல் போய் வலையில் விழுந்தது, அவர் முதுகடியில் நாரியைப் பிடித்துக்கொண்டு எலுமிச்சை மரத்தில் சாய்ந்தார். நானும் பிலோமினாவும் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினோம். வைத்தியர் வந்து அசையக் கூடாது என்றார்.

பிறந்தநாளுக்கு ஐந்து கிழமை. கையெழுத்து வைக்க வேண்டியவர் நிமிர்ந்து இருக்க முடியாமல் கிடக்கிறார். எனக்கு அவருடைய வலியைவிட அந்த மேசைதான் கண்ணில் நின்றது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

5

பத்தாம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். தலையணைகளில் சாய்ந்து, கோபத்தில் சிவந்திருந்தார்.

"அந்தக் கம்பனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுது. இவ்வளவு ஆபத்தான சாமானை ஒரு எச்சரிக்கையும் போடாமல் விற்கிறார்கள் என்று எழுது. நான் கையெழுத்து வைக்கிறேன். அதோடு உன் பேப்பர்களையும் கொண்டுவா, எல்லாவற்றையும் ஒன்றாக முடித்துவிடலாம்."

கேட்ட வரம் கிடைத்தது. நான் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தேன். எழுத்துக் கடதாசியை எடுத்தேன், 'எந்த எச்சரிக்கையும் இல்லாமல்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்ன யோசிக்கிறியள்?" என்றாள் பிலோமினா. சொன்னேன். அவள் தலையில் கை வைத்தாள்.

"எழுதிக் குடுங்கோ. அமெரிக்காக்காரன் இஞ்சை வந்து சொல்லப்போறானே? பிள்ளை வந்து சேரட்டும். உண்மை கதைக்கிறதெண்டால் பிறகு ஆறுதலாக் கதைக்கலாம்."

"அவங்கள் பதில் போடுவாங்கள். தாளிலை எழுதிக் கிடக்கு, வாசிக்கேல்லையோ எண்டு கேப்பாங்கள்."

"அதையும் நீங்கள்தானே வாசிச்சுச் சொல்லப்போறியள்?"

அவள் சமாதானத்துக்குத்தான் சொன்னாள். எனக்கு அதுதான் பயத்தைக் கிளப்பியது. அந்தப் பதிலையும் மாற்றி வாசிப்பேன், அடுத்ததையும் மாற்றி வாசிப்பேன். ஒருநாள் மிலானோ மகள் வந்து மேசையில் கிடக்கும் தாளை எடுத்து வாசிப்பாள். அப்போது நிர்மலா இந்த வீட்டில் இருப்பாள், நாலு பேரும் பெட்டியோடு தெருவில் நிற்போம். நேர்மை என்று பெருமையடிக்க ஒன்றுமில்லை. பயம்தான் என்னை எழுப்பியது.

கடிதத்துக்குப் பதிலாக விளக்கத்தாளைக் கொண்டுபோனேன். தடித்த பந்தியில் விரலை வைத்து, எனக்குத் தெரிந்த இத்தாலியனில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். 'தொடக்கக்காரர்' என்பதையும் சொன்னேன்.

அவர் என் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். "இது அன்றைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வேறென்ன சொல்லாமல் விட்டாய்?"

"தலை அசைகிறது. முதல் நாளிலிருந்தே."

"மடியும் கோல்?"

"அது சரியாகத்தான் மடிந்தது. நீங்கள்தான் இறுக்கினீர்கள்."

அவருடைய மூக்கு நுனி சிவந்தது. "வேறு?"

"வேறு ஒன்றுமில்லை, இஞ்ஞெஞ்ஞேரே."

அப்போது கதவடியில் சூப்புக் கோப்பையோடு நின்ற பிலோமினா வாய் திறந்தாள். ஒன்பது வருடத்தில் அவள் அவரோடு சமையலைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. "காசா, பியோவே" என்றாள். வீடு, மழை பெய்கிறது. இலக்கணம் எப்படியோ போகட்டும், அவருக்கு விளங்கிவிட்டது.

6

ஒவ்வொரு மாரிக்கும் அவர் என்னைக் கேட்பதுண்டு, வீடு நன்றாக இருக்கிறதா என்று. ஒவ்வொரு மாரிக்கும் நான் "எல்லாம் நன்று" என்று சொல்வதுண்டு. தங்க இடம் கொடுத்தவரிடம் கூரையைப் பற்றிக் குறை சொல்வதா?

அவர் எழும்பினார். வைத்தியரின் இடுப்புப்பட்டியோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைக் கடந்து எங்கள் வீட்டுக்குள் வந்தார். நாங்கள் குடிவந்த பிறகு அவர் உள்ளே வருவது அதுதான் முதல்தரம். றொபேர்ட்டின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒழுகும் தண்ணீருக்கு வைத்திருந்த பேசினைப் பார்த்தார். அந்தோனியார் படத்தைச் சுவரிலிருந்து தூக்கிப் பின்னால் இருந்த பச்சைப் பூஞ்சையைப் பார்த்தார். விரலால் சுண்ணாம்பைத் தட்டினார், கைநிறைய உதிர்ந்தது.

"நான் ஒரு இஞ்சினியர்" என்றார். "என் கூரை ஒன்பது வருடமாக ஒழுகுகிறது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை."

பிறகு எங்களுக்கு இடி விழுந்ததுபோல ஒன்று சொன்னார். மேசையிலிருந்த பேப்பர்களை என்னை எடுத்துவரச் சொல்லி, வேலைப் பேப்பரில் கையெழுத்து வைத்தார். வீட்டுப் பேப்பரைத் திருப்பித் தந்தார்.

"கண்ணால் பார்த்த பிறகு, இந்த வீடு தகுந்தது என்று என்னால் எழுத முடியாது. திருத்திய பிறகு வைக்கிறேன்."

அவர் போனதும் நான் பிலோமினாவிடம் பாய்ந்தேன். "உம்மை ஆர் வாய் திறக்கச் சொன்னது? இருபத்துநாலு நாள்தான் கிடக்கு! கையிலை வந்ததைத் தட்டிவிட்டீரே!"

"நீங்கள் எல்லாத்தையும் சொன்னியள். எனக்கும் சொல்ல வேணும்போலை இருந்தது" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

பிரான்காச்சோவிலிருந்து இரண்டு மேசன்மார் வந்தார்கள். ஓடு கழற்றிய அன்றைக்கே மழை. மூன்று நாள் வேலை நின்றது. பிறகு ஒரு மேசனின் மருமகளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு நாள் போனது. இஞ்சினியர் தோட்டத்தில் கதிரை போட்டு இருந்து, நாரியைப் பிடித்தபடி அவர்களை ஏசிக்கொண்டிருந்தார். நான் சாந்து குழைத்தேன். சாந்து குழைத்துக்கொண்டே நாளை எண்ணினேன். பதினாறு, பதினைந்து, பதினொன்று. செபமாலையின் மணியும் மிச்ச நாட்களின் கணக்காகவே கைக்குள் உருண்டது.

சுண்ணாம்பு காயுமுன்னரே அவர் அளவுநாடா பிடித்து அறைகளை அளந்தார். வரைபடம் கீறினார். வாசித்தார், இன்னொரு தரம் வாசித்தார், கையெழுத்து வைத்தார். கெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமைக் கந்தோரில் அதிகாலை வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் பேப்பர்களைத் தள்ளினேன். அவள் பிறந்த திகதியைப் பார்த்தாள், நாட்காட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாலு நாள் மிச்சம் இருந்தது. முத்திரையைக் குத்தினாள்.

7

தவராசா, இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

வாங்காதே. பாரக்கோல் உன் வயதில் உன் நாரியைக் கேட்கும். வளையம் உன்னை வளையத்துக்குள் சுற்றப் பழக்கும், வளையம் இல்லாத புல்வெளியில் பழைய கதைதான். முழங்கைப் பட்டி பத்து நிமிடத்துக்குக் கெடுதல் செய்யாது. மடியும் கோல் நல்ல சாமான், ஆனால் அதை இறுக்காமல் வைத்திருக்கும் மனம் வேண்டும். தொடக்கக்காரனுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை என்று இப்போது இஞ்சினியரே சொல்கிறார். பயிற்றுநர்ப் பொடியனிடம் திரும்பப் போகிறார். பொடியன் காலடியில் ஒரு தடியைக் கிடத்தி, அதற்கு நேராக நிற்கச் சொல்கிறானாம். தடி எந்த மரத்திலும் கிடைக்கும். அந்தப் பொடியனைப்போல, உனக்குக் கீழே வேலை செய்யாத ஒருவனைப் பிடித்து, தலை அசைகிறதா என்று பார்க்க நிறுத்து. உன் கந்தோர்ப் பியோனை நிறுத்தாதே, அவன் என்னைப்போலவே சொல்வான்.

இஞ்சினியர் இன்னமும் என்னைத் தடியோடு நிற்கச் சொல்கிறார். "அசைந்தது" என்கிறேன். அவருக்குக் கோபம் வருகிறது. நான் தடியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

8

போன ஞாயிறு பூசை முடிந்து நிர்மலாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவளும் அக்காவும் வெள்ளவத்தையில் கொமியூனிகேஷன் கடையில் சொன்ன நேரத்துக்கு வந்து காத்திருப்பார்கள். விசா வந்துவிட்டது, ரிக்கெற் போட்டாயிற்று, இன்னும் பத்து நாள் என்று சொன்னேன்.

"ஓம் அப்பா."

"லொட்ஜிலை செக் பண்ணப் பொலிஸ் வந்தவங்களோ?"

"இல்லை அப்பா. ஒரு பிரச்சினையும் இல்லை. நல்லா இருக்கிறம்."

ஒன்பது வருடமாக இதே பதில். ஷெல் விழுந்தபோதும் நல்லா இருக்கிறம், இடம்பெயர்ந்து போனபோதும் நல்லா இருக்கிறம். அந்தத் தொனி எனக்குத் தெரியும். தோட்டத்தில் தடியோடு நின்று நான் சொன்ன தொனி அது.

"பிள்ளை, அப்பா கோவிக்கமாட்டன். உள்ளதைச் சொல்லு. இஞ்சை வர உனக்கு விருப்பமோ?"

பின்னால் யாரோ சிங்களத்தில் மிச்சக் காசு கேட்டார்கள்.

"தெரியேல்லை அப்பா" என்றாள். "மாமியை விட்டுட்டு வர ஏலாமல் கிடக்கு. அம்மாவின்ரை குரல்தான் தெரியும். தம்பிக்குத் தமிழ் வராதாம், நான் அவனோடை என்னத்தைக் கதைக்கிறது? எயர்போட்டிலை உங்களைப் பார்த்தால் இதுதான் அப்பா எண்டு எனக்கு மட்டுக்கட்ட வருமோ எண்டும் தெரியேல்லை. பயமாக் கிடக்கு அப்பா."

பக்கத்தில் பிலோமினா ரிசீவரோடு காதை ஒட்டி நின்றாள். எல்லாம் நல்லா நடக்கும் பிள்ளை, ஒண்டுக்கும் யோசியாதை என்ற வசனம் என் நாக்கு நுனிவரை வந்தது.

"எனக்கும் பயமாத்தான் கிடக்கு" என்றேன். "நீ வா. வந்து பார்ப்பம்."